பதினான்கு இடங்களில் சித்தி

1

இந்தக் கதை கோந்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. (அணி அலங்காரம் இல்லை. நிஜக் கோந்து. வெள்ளை டப்பா, மூடி தொலைந்தது.)

எங்கள் மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு முயல் கதையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். நூலகர் பக்கங்களைப் புரட்டினார், நின்றார், முதல் பக்கத்துக்குத் திரும்பினார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மா முயலும் குட்டி முயலும் மட்டுமே இருக்க வேண்டிய கதையில், பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெண்மணி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். வாராவாரம் வீட்டுக்கு வரும் சலவை இயந்திர விளம்பரத்திலிருந்து கத்தரித்தது. இயந்திரத்தைத் தட்டிக்கொடுக்க நீட்டிய கை இப்போது அம்மா முயலின் தலைமேல் இருந்தது. முயல்கள் தூங்கும் பக்கத்தில் அவருக்குக் குளிராமல் இருக்க மெழுகுப் பென்சிலால் போர்வைகூடப் போட்டிருந்தது.

“யாருங்க இது?” என்றார் நூலகர்.

“இன்னொரு அம்மா.”

“யாருக்கு?”

“குட்டிக்கு.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அடுத்த தடவை ரெண்டு அம்மா இருக்கிற புத்தகமாப் பாத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ஒட்ட வேண்டாமில்ல” என்றார்.

“இருக்கா?”

கணினியில் தட்டினார். வேறு மாதிரித் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். “இல்ல.”

“அப்ப ஒட்டத்தானே செய்வா?”

இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நூலகருக்கும் தெரியவில்லை. “நீங்கதான் குழந்தைங்களுக்கு எழுதுறவங்களாச்சே. எழுதிக் குடுங்க. எங்க புத்தகமாவது தப்பிக்கும்” என்று சொல்லிவிட்டு, சலவை இயந்திரப் பெண்மணியோடேயே முயலைத் தட்டில் அடுக்கினார்.

யார் யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். மகளுக்கு ஏழு வயது. விரலெல்லாம் எப்போதும் பிசுபிசுப்பதால் வீட்டில் அவள் பெயர் கோந்து. அவளைப் பெற்றவள் லிஃப்ட் பழுதுபார்க்கிறவள். இந்தக் கதையில் அவள் மெக்கானிக். நான் ஓர் அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுச்சீட்டுகளுக்குப் புரூஃப் பார்க்கிறவள். ஒழிந்த நேரத்தில் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் எழுதுகிறேன். நானும் கோந்துவின் அம்மாதான். அதை நிரூபிப்பதற்காக இந்தக் கதையை நான் எழுதவில்லை.

[பொய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.]

2

படப்புத்தகத்துக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்:

“ஓர் ஊரில் ஒரு சிறுமி இருந்தாள். மற்ற குழந்தைகளைப் போல அல்லாமல் அவளுக்கு—”

நிறுத்திவிட்டேன். “அல்லாமல்” என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பிள்ளையை மூலையில் நிற்க வைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

இரண்டாவது தொடக்கம்:

“அவளுக்கு இரண்டு அம்மாக்கள்! எவ்வளவு அதிர்ஷ்டம்!”

மெக்கானிக் வேலையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் இதைப் படித்தாள். “எதுக்கு ரெண்டு ஆச்சரியக்குறி? ஆளுக்கு ஒண்ணா?” என்றாள். “வீட்டுப்பாடம் செய்யலன்னா ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்குறா. அதிர்ஷ்டமாம்!”

கிழித்தேன்.

மூன்றாவது தொடக்கம் என்னுடையது அல்ல. கோந்து சாப்பாட்டு மேசையில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “மேசையிலேர்ந்து ஜன்னலுக்குப் போக எறும்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” கேட்டதோடு நிற்கவில்லை. தீப்பெட்டியும் நூலும் எடுத்து எறும்புக்கு லிஃப்ட் செய்ய உட்கார்ந்துவிட்டாள். நான் காகிதத்தை எடுத்தேன்.

ஆகவே படப்புத்தகத்தில் நடப்பது இதுதான். ஒரு சிறுமி எறும்புகளுக்காக லிஃப்ட் செய்கிறாள். அது ஏறவில்லை. நூல்கண்டுக் கட்டையை வைத்துக் கப்பி செய்ய ஸ்பேனர் அம்மா சொல்லித் தருகிறாள். “ஒரே சமயத்தில் நாற்பது பேர் மட்டும்” என்று கண்ணாடி அம்மா அறிவிப்புப் பலகை எழுதித் தருகிறாள். லிஃப்ட் ஏறுகிறது. கடைசிப் பக்கத்தில் எறும்புகள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் சுவரோடு சுவராகப் போகின்றன. சிறுமி இன்னொரு பலகை மாட்டுகிறாள்: “பழுது இல்லை. உள்ளே வரலாம்.” இருபத்து நான்கு பக்கம், முடிந்தது.

ஏன் இரண்டு அம்மா என்று புத்தகத்தில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. எறும்புக்கு ஏன் லிஃப்ட் என்பதற்கும் கிடையாது. குழந்தைகள் இரண்டில் எதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு பாத்திரத்தின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது: கண்ணாடி அம்மா. என்ன செய்கிறாள் அவள்? ஒருத்தி பெற்றாள், கப்பி கட்டினாள். இன்னொருத்தி ஓரமாக உட்கார்ந்து பலகை எழுதுகிறாள். கதைக்கு இவள் தேவையா? (வாசகரே, நான் கதையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.) மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“நீ எழுதின போர்டு இல்லன்னா அது வெறும் தீப்பெட்டிடி” என்றாள். போய்க் கை கழுவினாள்.

அன்றைக்கே பிரதியை முடித்துவிட்டேன்.

3

எடிட்டர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீங்கள் அவருக்கு மீசையை முறுக்கிவிட்டு வில்லனாக்கிவிடுவீர்கள். ஓவியரிடம் சண்டை போட்டு எறும்புகளுக்கு ஆளுக்கொரு முகம் வரைய வைத்தவர் அவர். புரூஃப் வந்த அன்று அச்சகத்துக்கே போன் செய்தார்.

“கதை பிரமாதம்மா. எறும்பு கண்டுக்காம போகுது பாருங்க, அங்க சத்தமாச் சிரிச்சுட்டேன். ஒரே ஒரு சொல்தான் உறுத்துது.”

“எது சார்?”

“அந்தக் கண்ணாடி போட்டவங்க. அவங்க சித்தியா இருந்துட்டுப் போகட்டுமே. படத்துல ஒரு கோடுகூட மாத்த வேண்டாம். ஒரே ஒரு சொல்.”

“ஏன் சார்?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நானா சொல்றேன்? பள்ளிக்கூடங்களுக்கு வாங்குறவங்க கேப்பாங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?”

அந்தக் கண்ணாடி போட்டவரிடம்தான் தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேசும்போது என் முன்னால் இருந்தது ஒரு மாத்திரைச் சீட்டு. “உணவுக்குப் பின்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “உணவுக்கு முன்” என்று இருந்தது. அதைச் சுழித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் வயிறு புண்ணாகாமல் இருப்பதற்காக, ஒரே ஒரு சொல்லுக்காக, எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இருபது வருடமாக “ஒரே ஒரு சொல்தானே” என்று சொன்ன எத்தனையோ பேர் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

“சரி சார்.”

4

அந்த இடத்தை நான் வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். இதோ:

“முடியாது சார் என்று தீர்க்கமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் அவள். அச்சகமே எழுந்து நின்று—”

ஐயே. அச்சகத்தில் அப்போது என்னைத் தவிர ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வீரம் பேசும் வரிகளை எழுதுவது சுலபம். “சரி சார்” என்று எழுதத்தான் கை கூசுகிறது. கூசட்டும், நடந்தது அதுதான்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் புரூஃபை விரித்து, சிவப்புப் பேனாவை எடுத்தேன். “ஸ்பேனர் அம்மா பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அம்மா எண்ணினாள்.” இதில் இரண்டாவது அம்மாவை அடித்தேன். ஓரத்தில் “சித்தி” என்று எழுதினேன். “கண்ணாடிச் சித்தி எண்ணினாள்.” வாசித்துப் பார்த்தேன். ஓசைகூடக் கெடவில்லை. இப்படிப் பதினான்கு இடம். பதினான்கிலும் நடுவே ஒரு “ச்” போட மறக்கவில்லை. தன் கழுத்தைத் தானே அறுக்கும்போதும் ஒற்றுப்பிழை வந்துவிடக்கூடாது பாருங்கள், அவ்வளவு நேர்த்தி!

கோந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ன பண்றே?”

“திருத்துறேன்.”

“தப்பா எழுதிட்டியா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் அடிக்கிறே?”

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “கண்ணாடிச் சித்தி. யாரு அது? நம்ம வீட்ல இல்லையே.” பிறகு, மழை வந்தால் எந்தச் செருப்பு என்று கேட்கிற குரலில் கேட்டாள்: “அப்ப வெளியில உன்னைச் சித்தின்னு கூப்பிடணுமா?”

“இல்லடி கண்ணு. புத்தகத்துல மட்டும்தான்.”

“புத்தகம் வெளியிலதானே போகும்?”

அவள் போய்விட்டாள். அவளுக்கு அட்டைப்பெட்டி வேலை இருந்தது.

மெக்கானிக் வந்தாள். ஒரு பக்கம் படித்துவிட்டு, “யாருடி இந்தச் சித்தி? எனக்குத் தங்கச்சி பொறந்த விஷயம் எங்கம்மாவுக்கே தெரியாதே!” என்றாள். “அதுவும் என்னைவிட மூணு வயசு பெரிய தங்கச்சி! பெரியம்மான்னாவது போட்டிருக்கலாமில்ல, கணக்காவது ஒத்துவரும்.” சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“நீ சரின்னுட்டியா?”

“ஒரே ஒரு சொல்தான்னு சொன்னார்.”

“அவர் சொன்னது இருக்கட்டும். நீ சரின்னுட்டியா?”

“ம்.”

நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். ஒன்பது மாடிக் கட்டிடத்தில் இருட்டுக் கூண்டுக்குள் தொங்கி வேலை பார்க்கிறவள், அன்று மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அவளுக்கு நீ சித்தின்னா, எனக்கு நீ யாரு?”

[இந்த இடத்தில் எனக்கு ஒரு நல்ல பதில் எழுதலாம் என்று மூன்று முறை முயன்றேன். பதில் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. அப்படியே விட்டுவிடுகிறேன்.]

5

மறுநாள் பள்ளி விட்டு அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். நான்கு சாலை கூடும் இடம். நடக்கலாம் என்று பச்சை விளக்கு வந்ததும் நடந்தேன். அவள் என் பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால் நினைக்கவே இல்லை என்று அர்த்தம். என் தலைக்குள் பதினான்கு சித்திகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறி இருபது அடி போயிருப்பேன்.

பின்னால் யாரோ ஒரு குழந்தை “சித்தி!” என்று கூப்பிட்டது.

யாரோ யாருடைய சித்தியையோ கூப்பிடுகிறது. நடந்தேன்.

“சித்தி!” மறுபடி. நடந்தேன். எதிரே வந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், அவள் யாருக்காவது சித்தியாக இருக்கலாம். மூன்றாவது முறை இன்னும் சத்தமாக. பாவம், அந்தச் சித்திக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது.

“அம்மா!”

என் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. திரும்பினால், சாலைக்கு அந்தப் பக்கம், கோந்து. கையில் தன்னைவிடப் பெரிய ஓர் அட்டைப்பெட்டி. கடை வாசலில் கிடந்ததை எடுக்க நின்றிருக்கிறாள். விளக்கு சிவப்பாகிவிட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவே பஸ்ஸும் லாரியுமாகப் போய்க்கொண்டிருந்தன. “அங்கேயே நில்லு! அசையாதே!” என்று கத்தினேன். ஒரு பஸ் மறைக்கும், அவள் இருக்க மாட்டாள். பஸ் போகும், இருப்பாள். என் வாழ்க்கையில் அந்த விளக்கைப் போல மெதுவான விளக்கை நான் பார்த்ததில்லை. 

ஓடிப்போய் அவளைப் பிடித்தபோது திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“மூணு தடவை சித்தின்னு கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல.”

“என்னைத்தான்னு தெரியலடி.”

“டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்.” தீப்பெட்டி லிஃப்ட் ஏறாதபோது இருந்த அதே முகம். கோபம் இல்லை, அழுகை இல்லை. “வேலை செய்யல.”

நடைபாதையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அட்டைப்பெட்டி நசுங்குகிறது என்று அவள் சத்தம் போட்டாள்.

6

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. புரூஃபை எடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லைத் தவறாக அடித்துவிட்டால் அதை மறுபடி எழுதுவதில்லை. அடித்த சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். அடித்தவர் கை தவறிவிட்டது, சொல்லில் குற்றமில்லை, இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். அச்சுக்கோக்கிறவர் கேள்வி கேட்காமல் பழைய சொல்லை வைத்துவிடுவார். மருந்துச் சீட்டுகளில் மாதத்துக்கு ஒருமுறை வைத்தால் அதிகம். அன்று பதினான்கு வரிசை வைத்தேன். சித்திகளை ஒவ்வொருத்தியாகச் சுழித்தேன். அந்த “ச்”களையும்தான்.

எடிட்டருக்கு ஒரு கடிதம் வைக்க வேண்டும். முதல் வரைவு: “தங்கள் ஆலோசனையைப் பெரிதும் மதிக்கிறேன், ஆயினும்—” வேண்டாம், மழுப்பல். இரண்டாவது வரைவை இங்கே எழுத முடியாது, குழந்தைகளும் இதைப் படிக்கக்கூடும். மூன்றாவதில் “கண்ணாடி அம்மா நான்தான்” என்று எழுதினேன். அதையும் அடித்தேன். (அதற்குப் புள்ளி வைக்கவில்லை.) அப்படிச் சொன்னால் பாவம் பார்த்து ஒப்புக்கொள்வார். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். என்னைத் தெரியாதவருக்கும் அந்தச் சொல் சரியாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் போனது இவ்வளவுதான்: “பதினான்கு இடங்களிலும் அம்மா. நான் சரி என்று சொன்னது தப்பு. இப்படியே அச்சிட முடியும் என்றால் அச்சிடுங்கள், முடியாது என்றால் பிரதியைத் திருப்பி அனுப்புங்கள்.”

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒவ்வொரு வரிசைப் புள்ளியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். “பதினொண்ணாவதுல ஒரு புள்ளி கம்மி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வெகுநேரம் என் கையை விடவில்லை. அந்த விடுபட்ட புள்ளியை அவளையே வைக்கச் சொன்னேன்.

சரி, முடிவுக்கு வருவோம். என் கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: எடிட்டர் மனம் மாறுகிறார், புத்தகம் வருகிறது, முயல் புத்தகத்துக்குப் பக்கத்தில் நூலகர் அதை அடுக்குகிறார். இனிப்பு அதிகம். நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இரண்டு: பிரதி திரும்பி வருகிறது. நாங்கள் மூவரும் மேசையில் உட்கார்ந்து மடித்து, தைத்து, ஒட்டி— வேண்டாம். தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு கொடுக்கும் முடிவு இது. நான் இன்னும் தோற்கவில்லை.

மூன்று: வருடங்கள் கழித்து, வளர்ந்துவிட்ட கோந்து— இல்லை. அவளை வளர்த்துவிட எனக்கு அவசரம் இல்லை.

எது நடந்தாலும் அந்தச் சொல்லை நான் மறுபடி அடிக்க மாட்டேன். இந்த ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம்.

7

விடுமுறை நாள், முற்பகல். இந்த ஏழாம் பகுதியை ஒரு தத்துவத்தோடு முடிக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். “சொல் என்பது ஒரு—” என்றுகூட எழுதிவிட்டேன். மெக்கானிக் குளியலறையில் ஒழுகும் குழாயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் அட்டைப்பெட்டிக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தாள் கோந்து. அவள் பக்கத்தில் கிடந்த என் போன் அடித்தது. கேட்காமல் எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், காதில் கோந்து படும் என்பதால்.

“யாரு பேசுறது?”

“நான் எடிட்டர் பேசறேம்மா. புரூஃப் விஷயமா. வீட்ல பெரியவங்க இருக்காங்களா?”

எழுந்திருக்க நினைத்தேன், நாற்காலி விடவில்லை.

“இருங்க, கூப்பிடறேன்” என்றவள், போனை விலக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அவர் காதிலேயே கத்தினாள்.

“அம்மா!”

“என்னடி?” என்றேன் நான், மேசையிலிருந்து.

“என்னடி?” என்றாள் மெக்கானிக், குளியலறையிலிருந்து. அதே நொடியில்.

கோந்து போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

“உங்களுக்கு எந்த அம்மா வேணும்?”

அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அவர் காதில் விழுந்ததெல்லாம் உங்கள் காதிலும் விழுந்துவிட்டது, அவருக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகமாகவே தெரியும். புத்தகத்தில் பதினான்கு இடங்கள் இருக்கின்றன. போன் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. குழந்தையைக் காக்க வைக்காதீர்கள், பதில் சொல்லுங்கள்.